கமாவுக்கு முன்னால் நின்றவர்

மலையில் தலைச்சோலைக்குப் போகிற வழியில், காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் தேவசிகாமணி. மனைவி இறந்துவிட்டார். மகன் ஓசூரில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு வந்தால் வந்ததுதான். சனி, ஞாயிறு விட்டால் அங்கே மனித வாடையே கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை சாயந்திரம் கார் வந்து நின்றதும் அவர் பேச ஆரம்பித்துவிடுவார். இதில் என்ன குற்றம்?

சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறுகிற விதம், காட்டெருமை வருகிற தடம், பனி விலகுகிற நேரம் என்று கேட்காததையும் சொல்வார். தன்னைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். யாரும் கேட்டதும் இல்லை.

போன நவம்பரில் பெங்களூரிலிருந்து வந்து தங்கிய ஒரு ஜோடி, இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, இங்கிலீஷில் ஒரு வரி எழுதிவிட்டார்கள். ‘ஆல்தோ’ என்று தொடங்குகிற வரி. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஓயாமல் பேசினாலும், இடம் அமைதியானது, அவசியம் போய்த் தங்குங்கள் என்று அர்த்தம். சேலத்தில் இருக்கிற உரிமையாளர் ஹரிஹரனுக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்.

தேவசிகாமணி மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், அதுதான் வினை. தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதும் அவர்தான். அவர் முகம் வாடியதைப் பார்த்து ஹரிஹரன் சமாதானம் சொன்னாராம்.

“அது சும்மா முன்னாடி போடறதுங்க. கமாவுக்குப் பின்னாடி என்ன இருக்குதுன்னு பாருங்க.”

இங்கிலீஷில் எழுதுகிற வழக்கம் அப்படித்தான். குறையை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, சொல்ல வந்ததைப் பின்னால் வைப்பார்கள். படிக்கிறவர் மனதில் பின்பாதிதான் தங்கும். எல்லாம் சரி. ஆனால் பின்பாதிப் புகழ் முழுக்க அந்த வீட்டுக்குப் போய்விட்டது, முன்பாதியில் இவர் மட்டும் தனியாக நிற்கிறார். அங்கே மளிகைச் சாமான் இறக்கப் போனபோது அதைப் படித்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவ்வளவு அமைதி வேண்டுமென்றால் பாறை மேல் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

அவர் சண்டை போடவில்லை, வாயைக் கட்டிக்கொண்டார். சாவி கொடுப்பார், வெந்நீர் வைப்பார், கேட்டதற்கு ‘சரிங்க’ என்பார். ஒண்டிக்கடை நாற்சந்தியில் இருக்கிற என் மளிகைக் கடைக்கு வந்தாலும் சாமானை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ‘இப்பத்தான் நொம்ப நல்லா இருக்குது’ என்று ஹரிஹரன் பாராட்டினார். பாவி மனுஷன்.

போன மாதம் அரிசி மூட்டை இறக்க அங்கே போயிருந்தேன். தர்மபுரியிலிருந்து வந்து தங்கியிருந்த சாந்தி என்ற அம்மாளும் அவர் கணவரும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். காரில் ஏறப்போன அந்த அம்மாள் திரும்பி நின்றார்.

“ஏனுங்க, நாங்க போனப்புறம் இங்க உங்களுக்கு யாருங்க துணை?”

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் தங்கிய ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி. தேவசிகாமணியின் வாய் திறந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டார்.

“இருக்காங்கம்மா,” என்று சொல்லிக் கார்க் கதவைச் சாத்தினார்.

கார் கீழே வளைவில் மறைந்தது. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“யாருமில்லைங்க,” என்றார், வெறும் ரோட்டைப் பார்த்து.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை.