பெயர்களைத் தெரிந்தவர்

பிள்ளைகளே, உங்கள் தம்பி பிறந்த ஏழாம் நாள், விழிஞ்ஞத்தில் நம் வீட்டு வாசலில் பந்தல் போட ஒரு முதலாளி வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, ஆள் வருமுன்னே வந்துவிடும் அத்தர் வாசனை. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் பெயரைக் கேட்பார். கேட்டுவிட்டு அதில் ஒரு குறை சொல்வார்.

அன்றைக்குள் தம்பிக்குப் பெயர் முடிவாக வேண்டும். நான் அதிகம் படிக்காதவன். அதனால் பணிவாகவே அவரிடம் கேட்டேன்.

"அப்துல்லான்னு வையும். அல்லாஹ்வுக்கு ரொம்ப இஷ்டமான பேராக்கும் அது. பின்னே, பட்டப்பேரு வச்சு ஆரையும் விளிக்கப்படாது. குர்ஆன்ல விலக்கின காரியம், கேட்டேரா?" என்றார்.

சொன்ன கையோடு, நாற்காலி சுமந்து வந்த தன் வேலைக்காரரைப் பார்த்து, "எடா பெங்காலி, தண்ணி கொண்டு வா" என்று கத்தினார். வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர் எந்த ஊர்க்காரரானாலும் இங்கே பலருக்கும் 'பெங்காலி'தான்.

மூத்தவளே, நீதான் அந்த மனிதரிடம், "மாமா, உங்க பேரு என்னது?" என்று கேட்டாய்.

"அப்துல்லா. ஊர் அசாம்" என்றார் அவர். மூன்று வருடமாக அந்த முதலாளியிடம்தான் வேலையாம்.

முதலாளி வெட்கப்படுவார் என்று நினைத்தேன். "ஓ, அப்படியா" என்றவர், "சரி பெங்காலி, தண்ணி எவிடே?" என்றார்.

குர்ஆனும் நபிமொழியும் மனப்பாடம், ஆனால் மூன்று வருடம் கூட இருந்தவரின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட ஆளை எந்த மதிப்பில் வைப்பது? எனக்கு இன்றும் அருவருப்பு தீரவில்லை.

தம்பிக்கு அப்துல்லா என்றுதான் வைத்தோம். யாராவது கேட்டால், அன்று தண்ணீர் கொண்டுவந்தவரின் பெயர் என்று சொல்லுங்கள்.