உயிரோடிருந்த கோமகனின் கல்வெட்டு

என் மாமா செத்தவர்களைப் பற்றி எழுதிப் பிழைத்தவர். அம்மாவின் தம்பி, சண்டையில் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, பாரிஸுக்குப் பக்கத்தில் திரான்சியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பாரிஸின் லா சப்பலில், ரூ லூயி-பிளாங்க் தெருவிலிருந்த ஓர் அச்சகத்தில் அவருக்கு வேலை. கல்யாண அழைப்பிதழ், நகைக்கடைத் துண்டுப்பிரசுரம் எல்லாம் அங்கே அடித்தார்கள். ஆனால் மாமாவின் மேசைக்கு வந்தவை மரண அறிவித்தல்களும் கல்வெட்டுகளும் மட்டுமே. கல்வெட்டு என்றதும் பாறையையும் உளியையும் நினைக்க வேண்டாம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அவருடைய படத்தை அட்டையில் போட்டு, வாழ்க்கை வரலாற்றை உள்ளே வைத்து, வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது.

அந்தக் கலையில் மாமாவை மிஞ்ச ஆளில்லை. நாற்பது வருடம் சீட்டாடியே காலம் கழித்தவரைக்கூட, மூன்றே பக்கத்தில் ‘நண்பர் வட்டத்தின் அச்சாணி’ ஆக்கிவிடுவார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் புகழ்வார்கள். ஆனால் கல்யாண வாழ்த்துமடல் எழுத மட்டும் ஒருவரும் அவரைக் கூப்பிட்டதில்லை. கைராசி அப்படி என்று காதுபடவே பேசினார்கள். ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் அவர் ஒலிவாங்கியைப் பிடித்ததும், பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் யார் போனது என்று விசாரித்தாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மாமாவும் கூடச் சிரிப்பார். பிறகு போய்க் குசினியில் தனியாகத் தேநீர் போடுவார். உயிரோடு இருக்கிற ஒரு மனிதரைப் பற்றி ஒரு தரமாவது எழுதி, அதை ஒரு சபை கேட்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை.

அந்த ஆசைக்கு வழிகாட்ட வந்தவர் ஒரு செக் நாட்டுப் பிரபு. அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மகளோடு குடியிருந்த வயதானவர். முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டும் பளபளவென்று துடைத்த சப்பாத்துமாக ஒரு நாள் விசிட்டிங் கார்ட் அடிக்க வந்தார். பழைய கார்டில் பட்டங்கள் வரிசையாக இறங்கின. பரம்பரைப் பட்டம், முன்னாள் வெளிநாட்டு அமைச்சர், முன்னாள் தூதுவர். அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் போடச் சொன்னார். மாமா ஆடிப்போனார். உப தபாலதிபராக ஓய்வுபெற்றவர்கள்கூடத் தங்கள் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் அழைப்பிதழில் அதை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லும் சமூகம் எங்களுடையது. அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். அவர் கதை சொல்வார், மாமா இஞ்சித் தேநீர் வாங்கிக் கொடுப்பார்.

அந்த வருடம் எங்கள் ஊர்ச்சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினர் கிடைக்கவில்லை. சங்கத் தலைவர் அச்சகத்துக்கு வந்து குறைப்பட்டார். மாமா தன் பிரபுவைச் சொன்னார்.

“ஆள் ராசாவோ?” என்று கேட்டார் தலைவர்.

“ராசா இல்லை, அதுக்குக் கொஞ்சம் கீழை.”

தலைவருக்கு அது போதும். நோட்டீஸில் என்ன போடுவது என்று மாமா இரண்டு நாள் மண்டையை உடைத்து, கடைசியில் ‘கோமகன்’ என்று தீர்மானித்தார். விருந்தினர் அறிமுகத்தை வாசிப்பது யார் என்ற கேள்வி வந்தது. தான் ஒலிவாங்கியைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். அதனால் என்னைப் பிடித்தார். எனக்கு அப்போது பத்து வயது. பட்டுப்பாவாடை கட்டி, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் வாசித்தால் ஒருவருக்கும் சாவு ஞாபகம் வராது என்பது அவருடைய கணக்கு. எனக்கோ அறிமுகத்துக்குப் பிறகு வரவிருந்த எங்கள் நடனத்தில்தான் கண். மூன்று மாதம் ஆடிப் பழகியிருந்தோம்.

விழா மூன்று மணிக்கு என்று நோட்டீஸில் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அதன் பொருள் ஐந்து மணி. கோமகன் மூன்று மணிக்கே வந்துவிட்டார். சால் என்று நாங்கள் சொல்லும் மண்டபம் முழுக்க மடித்த கதிரைகள் கிடந்தன. அவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவோடும் என்னோடும் சேர்ந்து கதிரைகளை விரிக்கத் தொடங்கினார். கார் து நோர் நிலையத்தில் இறங்கிப் பூமாலை வாங்கிக்கொண்டு வந்த மாமா, இதைப் பார்த்ததும் ஓடிவந்து அவர் கையிலிருந்த கதிரையைப் பிடுங்கப் பார்த்தார். கோமகன் சிரித்துக்கொண்டே, தான் உத்தியோகத்தில் செய்ததில் பாதி கதிரை போடுகிற வேலைதான், யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்துவது என்பதுதான் கஷ்டம் என்று எனக்குப் பிரெஞ்சில் சொன்னார். ஆள் சும்மா சொல்லவில்லை. மேடையில் தலைவரும் பழைய தலைவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைக் கண்டவர், தானாகப் போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஆறு வருடமாகப் பேசாதவர்கள் அவருக்குப் பலகாரம் எடுத்துக் கொடுக்கும் சாட்டில் ஒரே தட்டைப் பிடித்தார்கள்.

பன்னீர், சந்தனம், மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்து என் முறை வந்தபோது நேரம் ஏகத்துக்குப் பிந்திவிட்டது. மூன்று தாள்களோடு ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். முதல் தாளில் கோமகனின் பிறப்பு, மாளிகை, காடு, குதிரைகள். பதினொரு வயதில் ஆட்சி மாறி எல்லாம் பறிபோய், ஒரு பெட்டியோடு குடும்பம் நாட்டைவிட்டுப் போனது. பிறகு பாரிஸில் காப்புறுதிக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. மாலையில், நாட்டில் மறியலில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கி மனுக் கொடுத்த வேலை. நாற்பத்திரண்டு வருடம். ஒரு பிழையில்லாமல் வாசித்தேன். தாளைத் திருப்பப் போகையில் தலைவர் என் பக்கம் சாய்ந்தார்.

“பிள்ளை, நேரம் போச்சுது. நடுப்பக்கத்தை விட்டிட்டுக் கடைசிப் பக்கத்தை வாசி.”

பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்றுதானே வளர்த்திருக்கிறார்கள். கேட்டேன்.

மாமா என்னதான் உயிருள்ளவருக்கு எழுத உட்கார்ந்தாலும், பேனா பழகிய வழியில்தான் போயிருந்தது. முதல் வரியே ‘பொஹேமியாவைப் பிறப்பிடமாகவும் பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கியிருந்தது. எங்கள் ஆட்களில் அப்படிப் பிறந்தும் வதிந்தும் யாராவது அச்சில் வந்தால் அவர் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம். கடைசித் தாளில் ‘அன்னார் எளிமையே உருவானவர்’ என்றிருந்தது. ‘அன்னாரின் புன்முறுவல் எம் நெஞ்சங்களில் என்றும் நிலைத்திருக்கும்’ என்றிருந்தது. பிந்தி வந்து பின்வரிசையில் இருந்தவர்களுக்கு மாலைக்குள் புதைந்திருந்த வெள்ளைக்காரர் யாரென்று தெரியாது. ஊரைவிட்டு வந்த ஒரு மனிதர் வந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். ‘ஆகவே அனைவரும் எழுந்து நின்று’ என்று நான் வாசித்தேன். ‘கரவொலி எழுப்பி வரவேற்போமாக’ என்ற மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

பின்வரிசை எழுந்தது. அதைக் கண்டு நடுவரிசையும் முன்வரிசையும் எழுந்தன. கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சால் முழுவதும் மௌன அஞ்சலி செலுத்தியது. மேடையில் தலைவர்கள் இருவரும் எழுந்துவிட்டார்கள். எல்லாரும் எழுந்ததைக் கண்ட கோமகனும் மரியாதையாக எழுந்து தலையைக் குனிந்தார். சற்றுப் பொறுத்து என் காதருகே குனிந்து, இறந்தது யார் என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார்.

“நீங்கள்தான்” என்றேன்.

அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்தார்கள்.

மாமா மேடைக்கு வந்த வேகம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. முகத்தில் ஈயாடவில்லை. ஒரு தரமாவது என்று ஆசைப்பட்டு எழுதியதும் அஞ்சலியில் முடிந்துவிட்டதே. என் கையிலிருந்து நடுத்தாளைப் பிடுங்கி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“ஆள் சாகேல்லை. ஊருக்குத் திரும்பிப் போனவர். அதைத்தான் பிள்ளை வாசிக்காமல் விட்டிட்டுது” என்றார். பிறகு, நின்றவர்கள் நின்றபடியே இருக்க, வாசித்தார்.

“பதினொரு வயதில் விட்டுப்போன வாசலில் ஐம்பத்து மூன்று வயதில் அன்னார் மீண்டும் நின்றார். வாசல் பூட்டின் திறப்பை ஒரு மனிதர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். உள்ளே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அன்னார் முதல் வேலையாக ஒழுக்கின் கீழ் ஒரு வாளியை வைத்தார்.”

அதன் பிறகுதான் அமைச்சர் பதவி, தூதுவர் பதவி எல்லாம் வந்தன. இரண்டே வரி. அவற்றை யாரும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய தலைவர் முதலில் கை தட்டினார். பிறகு சாலே அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், வீட்டைத் திருப்பிக் கொடுத்தவங்களோ என்று உரத்துக் கேட்டார். மாமா மொழிபெயர்த்தார். வீட்டைத் தந்தார்கள், காட்டில் பாதியைத் தரவில்லை என்றார் கோமகன். அவ்வளவுதான். சண்டையில் வீட்டை விட்டு வந்தவர்கள் எங்கள் ஆட்கள். இடையில் அங்கே யார் குடியிருந்தது, இருந்தவர்களை எழுப்புவது கஷ்டமாக இருந்ததா, காணி உறுதி கையில் இருந்ததா, கிணறு தூர்ந்து போச்சா, அயலட்டைக்கு அடையாளம் தெரிந்ததா என்று கேள்விமேல் கேள்வி. எத்தனையோ மாநாடுகளில் வாதாடிய மனிதர், தன் வீட்டுக் கிணற்றின் ஆழத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் முழுக்கச் சந்தோஷம். தலைவர் நேரத்தை மறந்துவிட்டார். சால்காரர் வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்.

எங்கள் நடனம் நடக்கவேயில்லை. சலங்கையைக் கழற்றும்போது எனக்கு அழுகையும் கோபமும் வந்தன. ஒரு கிழவரின் ஓட்டைக் கூரை எங்கள் மூன்று மாத ஆட்டத்தைவிட எந்த விதத்தில் பெரிது?

மாமாவோ நிலத்தில் கால் படாமல் திரிந்தார். வாசலில் ஓர் அம்மா மறித்து, மகளின் கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். “எழுதலாம், அக்கா” என்றார் மாமா, ஏதோ தினமும் எழுதுகிறவர் போல. கோமகன் அந்த மூன்று தாள்களையும் வாங்கி, நான்காக மடித்து, கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டார். தன் சாவுக்கு இத்தனை பேர் எழுந்து நிற்பார்கள் என்று தெரிந்திருந்தால் முன்னமே செத்திருப்பேன் என்று சொல்லி, என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அம்மா பாத்திரங்களோடு காரில் போக, நானும் மாமாவும் ரயிலில் திரும்பினோம். கோடைகாலம், வெளியே இன்னும் நல்ல வெயில். மாமா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியாகத் தானும் கோமகனிடம் ஒரு கேள்வி கேட்டாராம். திரும்பிப் போனபோது வீட்டுக்கு வழி தெரிந்ததா என்று. இல்லை, தெருவில் நின்ற ஒரு சிறுமியிடம் கேட்டேன் என்றாராம் அவர்.

எனக்கு அது பெரிய முட்டாள்தனமாகப் பட்டது. சொந்த வீட்டுக்கு யாராவது வழி கேட்பார்களா?

“எங்கட வீட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டே போவன்” என்றேன்.

“சரி, அப்ப கூட்டிக்கொண்டு போ” என்றார் மாமா.

நிலையத்தில் இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மெய்யாக மூடவில்லை, இமைக்கு இடையால் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். வெதுப்பகம், மருந்துக்கடை, பள்ளிக்கூட மதில் எல்லாம் கடந்தோம். திருட்டுத்தனமாக மாமாவை நிமிர்ந்து பார்த்தேன். அவரும் கண்ணை மூடியிருந்தார். எங்கள் தெரு முனையில் நான் வலப்பக்கம் திரும்ப, அவருடைய கை என்னை இடப்பக்கம் இழுத்தது.

இடப்பக்கம் வெறும் மதில்தான் இருந்தது. மாமாவுக்கு இந்த விளையாட்டு சரிவராது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிழை, பிழை என்று கத்திக்கொண்டே அவரை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.