மத்தியானத்துச் சூடு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உறும ஆரம்பித்தது ஒரு தை மாதத்தில். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கொல்லைக்குப் பின்னால் இருக்கும் வயலில் கதிர் அறுக்கும் மெஷின் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். அதன் சத்தம் சுவர் வழியாக உள்ளே வந்து, அடுப்படியில் கவிழ்த்துவைத்த பாத்திரங்களை லேசாக நடுங்கவைத்துவிட்டு வாசல் வழியாகப் போய்விடும். மெஷின் அடுத்த ஊருக்குப் போன பிறகும் சத்தம் நிற்காததால்தான் அம்மா கையில் கரண்டியோடு வந்து அறை வாசலில் நின்றாள். "இதுவா இப்படிக் கத்துது?" என்று கேட்டாள். அதுதான் கத்திக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது தஞ்சாவூருக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிவந்தார். பக்கவாட்டில் கண்ணாடி போட்டு, உள்ளே நீல விளக்கு எரியும் கேமிங் கம்ப்யூட்டர். பிள்ளையின் படிப்புக்கு என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். அப்பா திரும்பிப் போன பிறகுதான் அது எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. அன்று தங்கியிருந்த இடத்தில் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் லேப்டாப்பைத் திறப்பார். நான் இங்கே ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். இரண்டு பேரும் ஒரே விளையாட்டுக்குள், ஒரே ஊருக்குள் இறங்கி நடப்போம்.

அது சுட்டுத்தள்ளுகிற விளையாட்டு இல்லை. வெறும் நிலம் கொடுப்பார்கள். அதில் மரம் நடலாம், வாய்க்கால் வெட்டலாம், கல்மேல் கல்லாக அடுக்கி வீடு கட்டலாம். அப்பா வீடு கட்டினார். வாய்க்கால் ஓரத்தில் எங்களுக்கு இருந்த மனையில் நிஜமாகவே கட்ட நினைத்திருந்த வீடு அது. கூடம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கிணறு எங்கே, மாடிப்படி எந்த மூலையில் என்பதெல்லாம் அவர் மனதில் ஏற்கெனவே இருந்தது. அடுப்படியில் ஒரு பெரிய ஜன்னல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறு.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்கு அந்தப் பக்கம். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் இடம். சில வருஷம் வராமலும் போகும். அப்பாவின் ஆற்றில் மட்டும் எப்போதும் கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். வெயில் பட்டால் மினுங்கும். சாயங்காலமானால் கரையில் நிற்கும் தென்னைகள் அதில் தலைகீழாக ஆடும். நாங்கள் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்போம். அப்பா ஒன்றும் பேசமாட்டார். அவருடைய நிழல் என் பக்கத்தில் புல்மேல் விழுந்திருப்பதிலிருந்து அவர் நிற்கிறார் என்று தெரியும்.

அந்தத் தண்ணீரை அப்படி மினுங்கவைக்கத்தான் உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டு படாதபாடு படுகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அப்பா பேசுவது காதில் விழவில்லை. ஆறு இரண்டு தடவை விக்கியது, அப்புறம் திரை இருண்டுவிட்டது. கண்ணாடியைத் தொட்டால் இட்லிப் பானை மாதிரி சுட்டது. மறு ஞாயிறும் அப்படியே. அந்த ஊர் இருப்பது நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்தான், நான் சிங்கப்பூரிலிருந்து அதற்குள் வந்து போகிறேன் என்று அப்பா ஒரு தடவை சொல்லியிருந்தார். அதனால் கார்டு கருகினால் வீடு, ஆறு, தென்னை எல்லாமே கருகிவிடும் என்று நான் நம்பினேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்த அடுப்படி ஜன்னலிலிருந்து புகை வருவது போலத் தோன்றும்.

அம்மாவின் தம்பி ஒரத்தநாட்டில் மாட்டு வைத்தியத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. அதை அவர் மறுத்ததில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் மாமா பையோடு வந்து இறங்கினார். கம்ப்யூட்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை விசாரிக்க ஆரம்பித்தார். எப்போதிலிருந்து இப்படி, எதைப் போட்டால் சத்தம் ஜாஸ்தியாகிறது, சும்மா இருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா. பிறகு பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கண்ணாடியின்மேல் வைத்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சத்தம் கார்டில் இருக்கும் ஃபேன்களிலிருந்துதான் வருகிறது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினோம். உள்ளே நெல் தூற்றி முடித்த களம் மாதிரி இருந்தது. ஜன்னல் வழியாக வந்த தூசி ஃபேன் இறக்கைகளிலும் அதற்குப் பின்னால் இருந்த தகடுகளிலும் அப்பி, கம்பளி போர்த்தியதுபோல ஆகியிருந்தது.

"காத்து போறதுக்கே வழியில்ல பாப்பா. கத்தாம என்ன செய்யும்" என்றார் மாமா.

ஃபேன் சுற்றாமல் நான் விரலால் பிடித்துக்கொள்ள, அவர் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி சைக்கிள் பம்பால் ஊதினார். தூசி எழுந்து ஜன்னல் வெயிலுக்குள் போனது. பொன் நிறமாக, கீழே இறங்க மனசில்லாமல், ரொம்ப நேரம் அப்படியே மிதந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே விரலை எடுத்துவிட்டேன். மாமா திட்டினார்.

சத்தம் பாதியாகக் குறைந்தது. சூடு குறையவில்லை. சூட்டைக் காட்டும் எண்ணைத் திரையின் ஓரத்தில் வரவைத்திருந்தார் மாமா. ஆற்றங்கரைக்குப் போனதும் அது கிடுகிடுவென்று ஏறியது. கம்ப்யூட்டரைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்தார். கொஞ்சம்தான் இறங்கியது. கடைசியில் விளையாட்டின் செட்டிங்குக்குள் போய்த் தண்ணீரின் அழகைக் குறைத்தார். எண் மளமளவென்று இறங்கியது. ஆனால் ஆறு போய்விட்டது. அது இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் விரித்ததுபோல ஏதோ கிடந்தது. மினுக்கம் இல்லை, தென்னை இல்லை. மாமாவுக்கு வைத்தியம் முடிந்துவிட்ட திருப்தி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "தண்ணிய பழையபடியே வச்சிடு தம்பி. வேற ஏதாச்சும் பண்ணிப் பாரு" என்றாள்.

எனக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டாலே ஆகாது. கரண்ட்டைக் குடிக்கிற பூதம் என்றுதான் சொல்வாள்.

அடுத்த வாரம் மாமா தஞ்சாவூரிலிருந்து ஒரு சின்ன ஊசிக்குழாயில் சாம்பல் நிறப் பசை வாங்கிவந்தார். சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டியை விரித்து, கார்டைக் கழற்றி அதன்மேல் படுக்கவைத்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் போட்டார். சூடாகிற சிப்புக்கும் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிற தகடுகளுக்கும் நடுவில் இருக்கிற பசைதான் சூட்டைக் கடத்திவிட வேண்டுமாம். திறந்து பார்த்தால் அது காய்ந்து, கோடை வயல் மாதிரி வெடித்துக் கிடந்தது. மாட்டுக்கு ஊசி போடும் முன்பு தடவுகிற ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பழைய பசையைத் துடைத்தெடுத்தார். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. புதுப் பசையைப் பட்டாணி அளவுக்கு வைத்து மூடினார். திருகாணிகளை நான் திரும்பக் கொடுத்தபோது அவை என் வியர்வையில் நனைந்திருந்தன.

எல்லாவற்றையும் பொருத்திவிட்டு ஸ்விட்சைப் போட்டோம். திரையில் ஒன்றுமே வரவில்லை. நான் மாமா முகத்தைப் பார்த்தேன். மாமா அம்மா முகத்தைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் ஒயரைச் செருக மறந்திருந்தார் மாமா. அதைச் செருகியதும் விளக்கு எரிந்தது. வீடு வந்தது. ஆறு வந்தது. கரையில் எவ்வளவு நேரம் நின்றாலும் எண் ஏறவில்லை. அறையில் சத்தமே இல்லாததால், கழற்றிவைத்த ஹெட்போனிலிருந்து விளையாட்டுக்குள் தண்ணீர் போகிற சத்தம் முதல் தடவையாக எங்களுக்குக் கேட்டது. அம்மா உள்ளே போய் மாமாவுக்குத் தோசை வார்த்தாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பள்ளி விட்டு வந்ததும், பையைக் கழற்றுவதற்கு முன்னால், கண்ணாடியில் கை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. காலையிலிருந்து அணைந்தே இருக்க வேண்டிய கம்ப்யூட்டர் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ சற்றுமுன்தான் எழுந்துபோன நாற்காலி மாதிரி. போனில் மாமாவிடம் சொன்னேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகப் படுகிறதோ என்னவோ, ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டு வை என்றார். போட்டு வைத்தேன். மறுநாளும் வெதுவெதுப்பு இருந்தது. வைத்தியத்தில் எதையோ விட்டுவிட்டோம் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

ஒரு நாள் பள்ளியில் ஏதோ கூட்டம் என்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். தெருவில் ஆள் இல்லை. ரோட்டோரம் காயப்போட்ட நெல்லில் வெயில் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலில் வயல் மண் காய்ந்திருந்தது. கீபோர்டில் ஒரே ஒரு விரல், முன்னால் போகிற பட்டன்மேல்.

திரையில் அப்பாவின் வீடு. கூடத்தைத் தாண்டி அவள் போய்க்கொண்டிருந்தாள். சுவரில் முட்டினாள். கொஞ்ச நேரம் முட்டியபடியே நின்று, மவுஸைத் தெரியாத்தனமாக அசைத்து, எப்படியோ வழி கண்டுபிடித்து அடுப்படிக்குள் போனாள். ஜன்னல் முன்னால் போய் விரலை எடுத்தாள். ஆறு போய்க்கொண்டிருந்தது. அவள் வேறெதுவும் செய்யவில்லை. அங்கே பறிக்கக் காய் இருந்தது, திறக்கப் பெட்டிகள் இருந்தன. எதையும் தொடவில்லை.

"அம்மா, நீதானா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. "வீட்ட ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு" என்றாள், அடுத்த தெருவுக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல.

மவுஸை இப்படி நகர்த்தினால் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். "வேணாம். இங்கேருந்தே தெரியுது" என்றாள். பிறகு எழுந்து எனக்குச் சோறு போட்டாள்.

சூட்டுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. மாமாவுக்கே பிடிபடாதது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து மாடிக்குக் கல் அடுக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். "அம்மாதாம்ப்பா. தெனம் மத்தியானம் நம்ம வீட்டுக்குள்ள வந்து அடுப்படில நிக்கிறாங்க. அதான் கார்டு சூடாவுது."

அப்பா கல் அடுக்குவதை நிறுத்தினார். கையில் இருந்த கல்லை வைக்காமலே மாடிப்படியில் இறங்கினார். கூடத்தைக் கடந்து அடுப்படிக்குள் போய் ஜன்னல் முன்னால் நின்றார். அப்படியே நின்றார். சாயங்காலமாகித் தென்னைகள் தண்ணீரில் இறங்கின. அப்பா என்று கூப்பிட்டேன். கேக்குதா என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை.

மாமா சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். திரையின் ஓரத்தில் எண் ஏறவில்லை. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. கண்ணாடி சுடவில்லை. ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். நெட் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்பா மட்டும் ஏன் அங்கிருந்து நகரவில்லை என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.