பொன்னிக்குத் தங்கிய பாடம்

அப்பாசாமி பாம்பு பிடிப்பவர். பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் பிழைப்பு போனது. பிறகு மாமல்லபுரம் சாலையோரம், விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பிடமிருந்து விஷம் எடுக்கும் நிலையம் ஒன்று வந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தார். நல்ல பாம்புகளை மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள்.

அவருக்கு ஒரே மகள் பொன்னி. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவள். பிழைத்தாளே தவிர, பாடம் எதுவும் தலையில் தங்கவில்லை. காலையில் படித்த 'அ'வை மாலையில் புதிதாகப் பார்ப்பாள். "இந்த வருசமும் எழுத்து வரலேன்னா பேரை எடுத்துடுவேன்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் ஏறிய முதல் பேர் அது. அது நிலைத்தால் போதும், அப்பாசாமிக்கு வேறு ஆசை கிடையாது.

விஷம் வாங்கச் சென்னையிலிருந்து வரும் டாக்டர் கோதண்டராமன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "இதுல விஷம் மட்டும் இல்ல அப்பாசாமி. நரம்பை வளர்க்கிற ஒரு பொருளும் இருக்கு. முட்டைக்குள்ள இருக்கிற கோழிக்குஞ்சோட நரம்புல அதை விட்டா, வேர் மாதிரி இழை இழையா விடுது."

அப்பாசாமி கையிலிருந்த பானையைக் கீழே வைத்தார். "எம் பொண்ணுக்கு மூளையில அப்டி வுடுமா சார்? பாடம் தங்குமா?"

"ஐயையோ! இது கண்ணாடித் தட்டுல பார்த்தது. மனுசனுக்கு மருந்தா ஆகுமான்னே தெரியாது. விஷத்தைக் கொடுத்துகிடுத்துத் தொலைக்காதீங்க!"

"அவ்ளோ மடையன் இல்ல சார்."

அவர் கொடுக்கவில்லை. ஆனால் "ஓட்டச் சட்டி" என்று பிள்ளைகள் கேலி செய்து பொன்னி அழுதுகொண்டு வரும்போதெல்லாம், நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பானைகளைக் காட்டுவார். "அழுவாத கண்ணு. உனுக்கு மருந்து இதுக்குள்ள கீது."

மனைவி எல்லம்மாள் சண்டை போட்டாள். "கொயந்தகிட்ட இன்னாய்யா சொல்லிகினு கீற? நடக்கிற காரியமா அது?"

"அழுகை நிக்குதில்ல, வுடு."

கோடை முடிந்து பள்ளி திறந்ததும் பேரை எடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியரிடம் கெஞ்சித் தோற்று அப்பாசாமி நிலையத்துக்கு வந்தபோது, பொன்னி ஒரு பானையின் துணியை அவிழ்த்துவிட்டிருந்தாள். உள்ளே பாம்பு சீறிக்கொண்டிருந்தது. அவள் கை உள்ளே போக இருந்தது. பாய்ந்து இழுத்தார்.

"மருந்து நைனா" என்றாள். "இதுக்குள்ள கீது."

ஒரு சொல் பிசகவில்லை. எதுவுமே தங்காத தலையில் அது தங்கியிருந்தது. அப்பாசாமி அவளை அடித்தார். மருந்தில்லை, விஷம், செத்துப்போவாய் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "சரி நைனா" என்றாள். மறுநாள் அதை மறந்துவிட்டு மறுபடி பானைக்குப் போனாள்.

அப்பாசாமி வேலையை விட்டார். இப்போது கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்தில் மூட்டை தூக்குகிறார். வீட்டில் பாம்பில்லை. ஆனாலும் எல்லம்மாள் அரிசிப் பானைக்குத் துணி கட்டுவதில்லை. கட்டினால், பொன்னி அவிழ்த்துக் கையைவிட்டுத் துழாவிக்கொண்டே இருப்பாள். எறும்பேறிய அரிசியைத்தான் எல்லம்மாள் தினமும் புடைத்துப் பொங்குகிறாள்.