சித்தியை நான் அமெரிக்கப் பிரஜையாக்கிய கதை

எங்கள் குடும்பத்தில் ஒருவர் அமெரிக்கப் பிரஜையானார் என்றால் அதற்குப் பாதிக் காரணம் நான்தான். இதைச் சொல்ல எனக்கு இன்றுவரை கூச்சம் வந்ததில்லை. ஊரில் போர் முடிந்த மறு வருடம் அது. நான் சுவிசில் பீல் நகரத்தில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் ஆங்கிலம் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்னைவிடக் குறைவாகவே தெரியும் என்பதால், ஆங்கிலப் பண்டிதர் பதவி போட்டியின்றி எனக்குக் கிடைத்தது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கலியாணம் முடித்து நியூஜெர்சிக்குப் போனவர். யாழ்ப்பாணத்தில் பிரிந்தபின் அக்காவும் தங்கையும் நேரில் சந்திக்கவே இல்லை. சித்தியிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. சுவிசுக்கு வர இரண்டு முறை விசா கேட்டார், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். அமெரிக்கப் பிரஜையாகிவிட்டால் விசாவே தேவையில்லை, விமானம் ஏறினால் போதும். ஆனால் அதற்கு ஒரு பரீட்சை இருந்தது. அந்த நாட்டின் வரலாறும் அரசாங்கமும் பற்றி நூறு கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அதிகாரி நேரில் இருத்தி, அதிலிருந்து பத்துவரை ஆங்கிலத்தில் கேட்பார். ஆறு சரியென்றால் பாஸ். சித்தி வேறு எதற்கும் பயந்தவர் அல்ல. அதிகாரி என்று ஒருவர் எதிரே இருந்தால் மட்டும் வாயடைத்துப் போய்விடும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, சித்தியை வீடியோவில் அழைத்து, அப்பாவின் கோட்டையும் மாட்டிக்கொண்டு நான் அதிகாரியானேன். கொடியில் எத்தனை நட்சத்திரம்? ஐம்பது. கோடு ஏன் பதின்மூன்று? ஆரம்பத்தில் இருந்த குடியேற்றங்கள் பதின்மூன்று. செனட்டர்கள் எத்தனை பேர்? நூறு. சித்தி பிழைவிட்டால், அடுப்படியில் நின்றபடியே அம்மா "திருப்பிக் கேள்" என்பார். கடைசியில் சித்திக்கு முன்னால் எனக்கு நூறும் பாடமாகிவிட்டது.

அதன் பலன் பள்ளியில் தெரிந்தது. சுவிஸ் நாட்டை ஆளும் பூண்டெஸ்ராட்டில் எத்தனை பேர் என்று ஆசிரியை கேட்டார். முதலில் கையைத் தூக்கியவள் நான். ஒன்பது பேர் என்றதோடு நில்லாமல், ஆயுள்காலப் பதவி என்று விளக்கமும் கொடுத்தேன். அது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கணக்கு. வகுப்பு சிரித்து முடிந்தபின் ஏழு பேர் என்று ஆசிரியை திருத்தினார். இந்த நாட்டில் இரண்டு பேர் குறைகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முறையிட்டேன்.

"அவையளுக்கு ஏழு பேரே காணும், பிள்ளை" என்றார் அப்பா.

நூறில் ஒரு கேள்விதான் எங்களைப் படுத்தியது. பிரஜையாகும்போது கொடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்றைச் சொல்லவேண்டும். விடைகள் பல இருந்தன. முதலில் இருந்ததையே நான் சித்திக்குப் படிப்பித்தேன்: மற்ற நாடுகளுக்கான விசுவாசத்தைக் கைவிடுவேன். அந்த இடம் வந்தாலே சித்தி தடுமாறுவார். ஆங்கிலம்தான் கடினம் என்று நினைத்து, சொல் சொல்லாகப் பிரித்து உருப்போட வைத்தேன்.

பரீட்சை நாளன்று பள்ளிவிட்டு ஓடிவந்தேன். அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கணினியின் முன்னால் இருந்தார். அப்பாவும் பின்னால் நின்றார். சித்தியின் முகம் திரையில் வந்தது.

"பாஸ், அக்கா. முதல் ஆறும் சரி. அதோட நிப்பாட்டிட்டார்."

அம்மா திரையைத் தடவித் தடவி அழுதார். அப்பா என் தோளில் தட்டி "எங்கட டீச்சரம்மா" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னென்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். வாக்குறுதிக் கேள்வியும் வந்ததாம். நாட்டின் சட்டங்களுக்குக் கீழ்ப்படிவேன் என்று சித்தி சொன்னாராம். அதுவும் சரியான விடைதான், ஆனால் நான் படிப்பித்தது அதுவல்லவே.

"நான் சொல்லித் தந்ததை ஏன் சொல்லேல்லை, சித்தி?"

சித்தி அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கைவிடுறதெண்டா, எனக்கு எது நாடு எண்டு முதல்ல யோசிக்க வேணுமெல்லோ, பிள்ளை."

கேள்வி ஒன்று காதில் விழுந்தால் விடை சொல்லாமல் இருக்க அப்போது என்னால் முடியாது. "இலங்கை, சித்தி. தலைநகரம் ஸ்ரீ ஜெயவர்த்தனபுரக் கோட்டை" என்றேன். மற்றப் பிள்ளைகள் கொழும்பு என்றுதான் பிழையாகச் சொல்லியிருப்பார்கள். பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். மூன்று பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாவம், சரியான தலைநகரம் அவர்களுக்கே தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.