பலகைக்கு அப்பால் நெப்டியூன்

வானசாஸ்திரம் என்று யாராவது வாயைத் திறந்தாலே நான் எழுந்து போய்விடுவேன். ஆகாயம் எவ்வளவு பெரிது, அதற்கு முன்னால் மனுஷன் எவ்வளவு சின்னவன் என்று கண்ணை உருட்டிப் பேசுவார்கள். மனுஷன் சின்னவன் என்று தெரிந்துகொள்ள ஆகாயம் எதற்கு? எங்கள் பள்ளிக்கூட வாசலிலிருந்து கோயிலை நோக்கிப் போகும் அந்த ரோடு போதாதா?

அப்போது நான் மிஷன் நடத்திய ஒரு வாத்தியார் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருவார். அவர் முன்னால் ஒவ்வொருவரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அந்த வருஷம் அதே பள்ளியில் ஒரு வாத்தியார் வேலை காலியாக இருந்தது. பாடம் நன்றாக நடத்துகிறவனுக்கு அது. அது என் சேக்காளிக்குத்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். திருவட்டாறுப் பக்கத்துக்காரன், கணக்கில் புலி.

அவனும் நானும் ஒரே சாதி. என் தாத்தா காலத்தில் எங்கள் வீடு கிறிஸ்தவத்துக்குப் போய்விட்டது. அப்படிப் போனவர்களை ஊரில் வேதக்காரர் என்பார்கள். அவன் வீடு போகவில்லை. தினமும் குளித்துப் பெருமாளைக் கும்பிட்ட பிறகுதான் அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பான்.

பாடத்துக்கு அவன் எடுத்துக்கொண்டது சூரியனும் கிரகங்களும்.

“புஸ்தகத்துல படம் போட்டிருக்கானே, அது சுத்தப் பொய் மக்கா” என்றான். “சூரியனும் பூமியும் ஒரே தாள்ல அடங்குமா? பிள்ளேள நடத்திக் கூட்டிட்டுப் போயில்லா காட்டணும்?”

உருண்டைப் பூசணி மாதிரி ஓரடி அகல மத்தங்காய் ஒன்றைச் சூரியன் என்று வைத்தான். அப்படியானால் பூமி ஒரு கொத்துமல்லி விதை, நூற்றெட்டு அடி தள்ளி. வியாழன் ஒரு பாக்கு. கடைசியில் நெப்டியூன், குன்றிமணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு மஞ்சாடிமுத்து, மூவாயிரத்து இருநூற்று முப்பது அடிக்கு அப்பால். அடுத்த நட்சத்திரத்தை வைக்க வேண்டுமானால் இன்னொரு மத்தங்காயைத் தூக்கிக்கொண்டு எங்கள் மிஷனின் வெள்ளைக்காரத் துரை பிறந்த சீமையையும் தாண்டிப் போக வேண்டும் என்றான். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அரை மைலுக்கு மேல் நேரான ரோடு வேண்டும். ரோடு பார்த்துச் சொல்லும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பெருமாள் கோயில் ரோட்டில் நடந்து பார்த்துவிட்டு வந்து, வளைவே இல்லை என்றேன்.

“சரியாப் பாத்தியா?”

“ரெண்டு தடவ நடந்து பாத்தேன்டே.”

ரெண்டு தடவை நடந்தவன் கண்ணில் தீண்டல் பலகை படவில்லையா? பட்டது. பாதி வழி தாண்டி ஆலமரத்தடியில் நின்றது அது. இன்ன இன்ன சாதியார் இதற்கு மேல் வரக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வேதக்காரன் எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும் அந்த ரோட்டில் நடக்கலாம், அதனால் என்னை அது ஒன்றும் செய்யாது. எனக்கு இல்லாத பலகை எனக்கு எதற்கு நினைவில் இருக்கப்போகிறது? தூ! கோயிலைச் சுற்றிய தெருக்கள் தனக்கு அடைப்பு என்று அவனுக்கும் தெரியும். பலகையை இவ்வளவு முன்னால் நட்டிருப்பது தெரியாது. அவன் அந்தப் பக்கம் போனதே இல்லை, என்னைத்தான் நம்பினான்.

பாடத்தன்று காலையில் மத்தங்காயைப் பள்ளிக்கூட வாசலில் ஒரு முக்காலியில் வைத்துவிட்டுப் புறப்பட்டோம். அவன் கயிறு பிடித்து அளந்து, நின்று நின்று பாடம் சொன்னான். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். பின்னால் ஹெட்மாஸ்டர் நடந்தார். இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் வந்தார். யுரேனஸை வைத்துவிட்டுக் கொஞ்சதூரம் போனதும், ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த கோயில் காவல்காரன் எழுந்தான்.

“ஏலே, நில்லுல. நீ வேதக்காரனா?”

“இல்ல” என்றான் என் சேக்காளி.

“பின்ன எங்க வாற? பலக கண்ணுக்குத் தெரியலியா?”

ஹெட்மாஸ்டர் ஓடிவந்து என் சேக்காளியின் காதில் முணுமுணுத்தார். “ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேம்டே. ஞானஸ்நானம் பொறவு எடுத்துக்கிடலாம்.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் சத்தியத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிற வாய் அது. வண்டியிலிருந்து இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான் கும்பிடுகவரு அந்தக் கோயிலுக்குள்ளதான் இருக்காரு சார்” என்றான் அவன். “அவரு கேக்க நான் எப்பிடி அந்தப் பொய்யச் சொல்லுவேன்?”

கோயிலில் ஒரு நாளும் கும்பிடாத நான் போகலாம். தினமும் கும்பிடுகிறவன் போகக்கூடாது. என்ன எழவு நியாயம் இது!

அவன் கயிற்றையும் மஞ்சாடிமுத்தையும் என் கையில் வைத்தான். “இங்கேருந்து எண்ணூத்தி முப்பது அடி, மக்கா. பாத்து அள.”

நானும் போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் என் கண் முன்னால் நின்றது அந்த வேலை. முத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன். பிள்ளைகள் எல்லாம் வேதக்கார வீட்டுப் பிள்ளைகள், என் பின்னால் வந்தார்கள். பாதியில் கணக்குத் தப்பிவிட்டது. ரோட்டோரம் ஒரு கல்விளக்கு நின்றது. பார்வையாக இருக்கட்டும் என்று அதன் அடியில் முத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

“பேஷ்!” என்றார் இன்ஸ்பெக்டர். அடுத்த நட்சத்திரம் எங்கே என்று கேட்டார். அவன் சொல்லித் தந்த மத்தங்காயையும் சீமையையும் வெட்கமில்லாமல் ஒப்பித்தேன். அளந்தவன் பாடத்தை முடிக்கவில்லை என்று எழுதினார்கள். எங்கோ வைத்த எனக்கு வேலை கிடைத்தது. அவன் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனான்.

சில வருஷம் கழித்து, கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிட மகாராஜாவின் உத்தரவு வந்தது. பலகையைப் பிடுங்கினார்கள். அந்த வாரம் அவன் என்னைத் தேடி வந்தான். கோயிலுக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். தோளில் கயிற்றுச் சுருள் கிடந்தது.

பலகை நின்ற குழி அப்படியே இருந்தது. கயிற்று நுனியை அங்கே என்னைப் பிடிக்கச் சொல்லித் தொடங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு கயிறு கயிறாக எண்ணூற்று முப்பது அடி அளந்தான். கல்விளக்கைத் தாண்டிப் போய் நின்று, மடியிலிருந்து ஒரு மஞ்சாடிமுத்தை எடுத்து ரோட்டில் வைத்தான்.

“எழுவது அடி கொறச்சு வச்சிருக்க, மக்கா” என்றான். “அன்னைக்கே தெரியும். பலகைக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். இனியாவது பிள்ளேளுக்குச் சரியா அளந்து காட்டு.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான். அத்தனை வருஷமும் பிள்ளைகளை நான் அந்தக் கல்விளக்கடியில்தான் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். மிச்சம் எழுபது அடி நடக்க எனக்கு எந்தப் பலகையும் தடையாக இருந்ததில்லை.