கிணற்றை மூடச் சொன்னார்கள்

1

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார்: "யோவ், இங்க வண்டி நிக்கிறது ஜனத்துக்காக இல்ல, தண்ணிக்காக. பம்பு நின்னா எல்லாம் நின்னுச்சு."

பாலாற்றங்கரையில் இருந்த அந்த ஸ்டேஷனில் நான் பம்ப் டிரைவர். கிணற்று நீரை டேங்குக்கு ஏற்றுவேன். கரி இன்ஜின் நின்று குடித்துவிட்டுப் போகும். உத்திரமேரூர்ப் பக்கத்து ஆட்கள் ஆற்று மணலில் நடந்து வந்து வண்டி ஏறுவார்கள். கரையோரக் குடிசைப் பெண்கள் டேங்க் குழாயில் குடம் பிடிப்பார்கள். ஊர்க் கிணற்றுப் பக்கம் அவர்களை விடமாட்டார்கள். அந்த அநியாயத்தை யாரும் கேட்டதில்லை.

எண்பதுகளில் டீசல் இன்ஜின் வந்தது. அதற்கு எங்கள் தண்ணீர் வேண்டாம். ஜனமும் பஸ்ஸுக்குப் போய்விட்டது. ஸ்டேஷனை மூடினார்கள். சாமான்களை எடுக்கும்வரை காவலுக்கு என்னை மட்டும் விட்டார்கள். வண்டிகள் நிற்காமல் போயின. தெரிந்த டிரைவர்கள்கூடக் கையசைப்பதில்லை. டேங்க் குழாய்க்காகப் பம்பை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன்; குடம் பிடிக்க வருகிறவர்கள் பேசினால்தான் அங்கே மனிதக் குரல்.

2

ஒருநாள் ரயில்வே இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து பம்பைக் கழற்றினார்.

குடத்தோடு வந்த எல்லம்மா என்னைக் கேட்டாள்: "இன்னாண்ணா, இஞ்சினுக்குத் தாகம் தீந்துச்சு. எங்களுக்குமா தீந்துச்சு?"

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"அது பஞ்சாயத்து வேலைய்யா. கிணத்தயும் மூடிடு. எவனாவது வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

"சிமெண்ட் ஸ்லாப் சார்?"

"சாங்ஷன் இல்ல. பழைய ஸ்லீப்பர் கட்டை கெடக்குதில்ல, அத்தப் போடு."

தாகத்தில் சாகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று வாய்வரை வந்தது. கேட்டு என்ன பயன்? கட்டைகளை இழுத்துப் போட்டேன். நடுவில் ஒரு வாளி இறங்கும் அளவுக்கு இடம் விட்டேன். மேலே கப்பி மாட்டினேன்.

மறுபடி வந்தவர் குனிந்து பார்த்தார்.

"இன்னாய்யா இது ஓட்டை?"

"காத்து போவணும் சார்."

"காத்துக்கு எதுக்குய்யா கயிறு?"

எல்லம்மா சிரித்துவிட்டாள். அவர் அவளையும் குடத்தையும் பார்த்தார். தண்டவாளத்தில் நின்ற டிராலியில் ஏறிப் போய்விட்டார்.

3

எனக்கு மாற்றல் வந்தது. ஏற்றிக்கொள்ள எந்த வண்டியும் அங்கே நிற்காது. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி நடந்தேன். வழியனுப்ப ஆளில்லை. முதுகுக்குப் பின்னால் கப்பி மட்டும் கிறீச்சென்றது.

வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்வார்கள், எதையும் அரைகுறையாகச் செய்யாதே என்று. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மூடச் சொன்னால், அங்கே யார் குடிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். என் சர்வீஸில் நான் அரைகுறையாக விட்டது அந்தக் கிணறு ஒன்றைத்தான். அதைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.